கிழக்கு தெரியாத வீட்டில் பால்காய்ப்பு

"கிளம்பிட்டேன், அடுப்புல வச்சிருங்க" என்று ஷைலா போனில் சொல்லிவிட்டாள். அவள் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம், காற்று எதிரே அடித்தால் பதினைந்து. இந்தத் தீவில் காற்று எதிரே அடிக்காத நேரம் என்று ஒன்று உண்டா என்பது கிறிஸ்துதாசுக்கு இன்னும் தெரியவில்லை, வந்து ஒரு நாள்தானே ஆகிறது. அவள் படியேறி உள்ளே வருவதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கவேண்டும், அதுதான் அவனுக்குக் கொடுத்திருக்கிற வேலை. பத்தொன்பது வருஷம் நாகர்கோவில் திருநெல்வேலி பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினவனுக்கு ஒரு லிட்டர் பாலை நேரத்துக்குப் பொங்கவைப்பது ஒரு காரியமா என்று நினைத்துக்கொண்டேதான் வெண்கல உருளியை அடுப்பில் வைத்தான். கல்யாணத்துக்கு ஷைலா வீட்டில் கொடுத்த உருளி அது, சின்னதுதான், ஆனால் கனம். மூன்று வாடகை வீட்டிலும் அதில்தான் பால் காய்ச்சினார்கள். நாகர்கோவில் பக்கம் பால்காய்ப்பு என்றால் வேதக்காரக் கிறிஸ்தவன், இந்து என்று பேதம் கிடையாது. புது வீட்டில் முதல் அடுப்பு பாலுக்கு, அது பொங்கி வழியவேண்டும், கிழக்கே வழிந்தால் விசேஷம். போதகர் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார், பண்ணி முடித்துக் கண்ணைத் திறந்ததும் அவரும் உருளியின் கிழக்குப் பக்கத்தைத்தான் பார்ப்பார். சரி, இங்கே கிழக்கு எது? அட, இதை யோசிக்கவே இல்லையே. நேற்று ராத்திரி என்று கடிகாரம் சொன்ன நேரத்தில் சூரியன் இந்தச் சமையலறை ஜன்னலில்தான் கடலுக்குள் இறங்கினது. தூங்கி எழுந்து வந்து பார்த்தால் அதே ஜன்னலின் இன்னொரு ஓரத்தில் ஏறி நிற்கிறது. நடுவில் இருட்டே கிடையாது, ஏதோ பழைய வேட்டி வழியாகத் தெரிகிற மாதிரி ஒரு வெளிச்சம் முழு நேரமும். போய் வந்ததா, இல்லை பக்கத்து அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்ததா. கண்ணைக் கட்டி எங்கே இறக்கிவிட்டாலும் திசை சொல்லுகிறவன் என்று டிப்போவில் அவனுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை இந்தச் சூரியன் ஒரே நாளில் வாங்கிக்கொண்டது. அவனுக்கு அதில் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது, கடவுள் இப்படி ஒரு ஏற்பாட்டை இங்கே ரகசியமாக வைத்திருந்தாரா என்று.

பக்கத்து அறையில் ஜெபிஷா தூங்குகிறாள், ஏழு வயது, நாலு வாகனம் மாறி வந்த அலுப்பு. திருவனந்தபுரத்தில் ஏறின முதல் விமானத்திலேயே அவள் தூங்கிவிட்டாள், ஷைலாவும் தூங்கிவிட்டாள், அவன் மட்டும் கொட்டக் கொட்ட முழித்திருந்தான். ஓட்டுகிறவன் கூட ஒருத்தன் முழித்திருக்கவேண்டும் என்பது தொழில் மரியாதை. ஓட்டுகிறவன் முகம் தெரியாமல், கண்ணாடியில் அவன் கண்ணைப் பார்க்காமல், எப்படி ஒரு மனுஷன் தூங்குவான்? விமானம் லேசாகக் குலுங்கும்போதெல்லாம் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பிரேக். கீழே மேகம், முப்பதாயிரம் அடி, இவன் மிதிக்கிறான் பிரேக். ஷைலா பாதித் தூக்கத்தில் அவன் தொடையில் கையை வைத்து அழுத்தி, விடுங்க, அவுங்க ஓட்டுவாங்க என்றாள். வளைகுடாவில் இறங்கி ஏறி, லண்டனில் இறங்கி ஏறி, பிறகு ஒரு சின்ன விமானம், பிறகு கப்பல். கப்பலை அவன் மறக்கமாட்டான். ஏறுகிற பாலத்தில் நின்று பார்க்கிறான், கப்பல் தன் வாயைத் திறந்து வைத்திருக்கிறது, அதற்குள்ளே லாரி லாரியாகப் போகிறது, மீன் லாரி, மர லாரி, கடைசியில் ஒரு பஸ். முழு பஸ். சீட்டெல்லாம் போட்டு, கண்ணாடியெல்லாம் துடைத்து, ஒரு பஸ் கப்பலுக்குள்ளே போய்ச் சங்கிலி கட்டிப் படுத்துக்கொள்கிறது. பஸ்ஸும் ஒரு நாள் பயணி ஆகும் என்று அவன் நினைத்ததே இல்லை. அவன் வாயைப் பிளந்து நின்றதில் பின்னால் வந்தவர்கள் வழி கிடைக்காமல் நின்றார்கள், ஒருத்தரும் திட்டவில்லை, அதுவும் ஒரு ஆச்சரியம். பிறகு பன்னிரண்டு மணி நேரம் கடல். கரை இல்லை, விளக்கு இல்லை, மைல்கல் இல்லை, ஆனாலும் கப்பல் எங்கேயோ திருப்பம் இருக்கிற மாதிரி நிதானமாகத் திரும்பியது. காலையில் பார்த்தால் ஒரு மரம்கூட இல்லாத பச்சை மலை, அதன் காலடியில் கல்லால் கட்டின ஊர், கோழி பருமனுக்குக் கடல்பறவை. இவ்வளவு தண்ணீரைத் தாண்டி இப்படி ஒரு இடத்தில் வீடு கட்டி, ஜன்னலுக்குத் திரைச்சீலையும் போட்டு, பூத்தொட்டியும் வைத்திருக்கிறானே மனுஷன் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷைலா கேட்டதற்குக் காற்று என்று சொன்னான்.

துறைமுகத்திலிருந்து ஏறின டவுன் பஸ்ஸைத்தான் நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப நினைக்கிறான். ஓட்டினது ஒரு பெண்பிள்ளை, அறுபது வயது இருக்கும், நரைத்த தலை, கம்பளிச் சட்டை. கடற்கரையோரம் ஒரு வளைவு வந்தது, காற்று பக்கவாட்டில் அடித்தது, அந்த அம்மா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒரு இழை கூட்டிப் பிடித்ததை அவன் முன்சீட்டிலிருந்து பார்த்தான். அப்படியே ஆரல்வாய்மொழி. ஆடி மாசம் கணவாயில் காற்று பஸ்ஸை வயல் பக்கம் தள்ளும், காற்றாலை எல்லாம் பேய் பிடித்த மாதிரிச் சுற்றும், அப்போது இப்படித்தான் ஒரு இழை கூட்டிப் பிடிக்கவேண்டும், அதிகம் பிடித்தால் காற்று சட்டென்று விடும்போது மறுபக்கம் போய்விடும். இதை ஒருத்தரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கைக்குத்தான் தெரியும். உலகத்தின் இந்த மூலையில் ஒரு கிழவியின் கைக்கு அது தெரிந்திருக்கிறது. அது போதாதென்று அடுத்த அதிசயம். நிறுத்தம் வந்தது, ஒருத்தர் இறங்கினார், இறங்கும்போது திரும்பி அந்த அம்மாவைப் பார்த்து "தேங்க் யூ" என்றார். சொந்தக்காரர் போல என்று நினைத்தான். அடுத்தவர் இறங்கினார், அவரும் சொன்னார். பள்ளிக்கூடப் பையன், கைத்தடி ஊன்றின தாத்தா, காதில் வயர் மாட்டின பெண், ஒருத்தர் பாக்கியில்லாமல் நன்றி சொல்லித்தான் இறங்கினார்கள், அந்த அம்மாவும் ஒவ்வொருத்தருக்கும் தலையாட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் கிறிஸ்துதாஸ் பஸ்ஸிலிருந்து லட்சம் பேர் இறங்கியிருப்பார்கள். ஏன் லேட்டு என்று கேட்டிருக்கிறார்கள், ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டிருக்கிறார்கள், பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டு முதுகு வலித்ததற்காக அவன் அம்மாவரை இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். நன்றி ஒருத்தர்கூடச் சொன்னதில்லை, அவனும் எதிர்பார்த்ததில்லை, அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாதே. இவர்கள் மூன்று பேரும் இறங்கும்போது ஜெபிஷா எல்லாரையும் பார்த்துக் கற்றுக்கொண்டு, "தேங்க் யூ டிரைவர்" என்று கணீரென்று சொல்லிவிட்டு, படியில் நின்று திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

ஏனென்றால் ஜெபிஷாவுக்கும் தெரியாது, ஷைலாவுக்கும் தெரியாது, அவன் இன்னும் டிரைவர்தான். ஷைலா நினைத்துக்கொண்டிருப்பது அவன் வேலையை விட்டுவிட்டு வந்தான் என்று. அவன் செய்தது மூன்று மாசம் சம்பளமில்லா லீவு. டிப்போ மேனேஜர்தான் சொன்னார், ராஜினாமா எழுதிவிட்டால் தீர்ந்தது, லீவு எழுதும், போய்ப் பாரும், பிடிக்காவிட்டால் ஆகஸ்டு கடைசியில் வந்து வண்டியை எடும் என்று. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். இவனும் வீட்டுக்குப் போய் நல்லபடியாகச் சொல்லியிருக்கலாம், குடுத்தாச்சா என்று ஷைலா கேட்டதற்கு வாயில் வந்தது "குடுத்துட்டேன்" என்கிற ஒரு வார்த்தைதான். ராஜினாமாவையா, லீவையா என்று ஷைலா கேட்கவில்லை. அவள் எதைக் கேட்டாள் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்துதான் அப்படிச் சொன்னான். லீவு உத்தரவின் நகல் பெட்டிக்கு அடியில் காக்கிச் சட்டையின் பையில் இருக்கிறது. காக்கிச் சட்டை எதற்கு என்று பெட்டி அடுக்கும்போது அவள் கேட்டதற்குக் குளிருக்கு உள்ளே போட ஆகும் என்றான். பாவி. ஐந்து வருஷம் முன்னால் ஷைலா குவைத்துக்குப் போகும்போது ஜெபிஷாவுக்கு இரண்டு வயது, திரும்பி வரும்போது ஐந்து. விமான நிலையத்தில் ஷைலா கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறாள், பிள்ளை இவன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, ஆன்ட்டி யாருப்பா என்று கேட்கிறது. அன்றைக்கு ஷைலா அழவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது அழுதாள், துருவின தேங்காய் முழுக்க வீணாய்ப் போனது. இந்த வேலை கிடைத்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், போனால் மூன்று பேரும் போகணும், இல்லாட்டி நான் இங்கேயே இருக்கேன், இனி ஒருத்தரை விட்டு ஒருத்தர் இருக்க என்னால ஆகாது. அவ்வளவு சொன்னவளிடம்தான் இவன் இந்தப் பித்தலாட்டம் பண்ணியிருக்கிறான். ஆகஸ்டு கடைசியில் என்ன செய்வதாக உத்தேசம் என்று யாராவது கேட்டால் அவனுக்குப் பதில் தெரியாது. ஆஸ்பத்திரி கொடுத்திருக்கிற இந்த வீடும் மூன்று மாசத்துக்குத்தான், அதற்குள் வேறு வீடு பார்க்கவேண்டும். வீட்டுக்கும் அவனுக்கும் ஒரே கெடு. லில்லி அக்காகூடப் போனில் கண்டிப்பாகச் சொன்னாள், லே தாசு, இருக்கப்போற வீட்டுலதான் பால்காய்ப்பு, தங்கிட்டுப் போற வீட்டுல காய்ச்சினா மனசு அங்கேயே ஒட்டிக்கிடும் என்று. ஷைலா அதைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் தூங்கினாலும் வீடு வீடுதான் மதினி என்றாள்.

அடுப்பு கத்தியது. மூன்று தடவை, காது குத்துகிற மாதிரி. உருளியைத் தொட்டுப் பார்த்தான், பச்சைத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. பாலில் ஒரு ஆவி இல்லை, ஒரு அசைவு இல்லை. இவ்வளவு நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது? அடுப்பு கறுப்புக் கண்ணாடிப் பலகை, தீ கிடையாது, சிவக்கவும் இல்லை. ஒரு எழுத்து மட்டும் மினுக்கி மினுக்கிக் காட்டி, பிறகு தானாக அணைந்தது. மறுபடி போட்டான், மறுபடி மினுக்கியது. தூக்கி வைத்தான், நகர்த்தி வைத்தான், உருளியின் அடியைத் துடைத்து வைத்தான். பக்கத்தில் தொங்கின குறிப்புப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது, பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தம், பக்கத்தில் சரி என்று ஒரு அடையாளம். காந்தம் ஒட்டாத பாத்திரத்துக்குப் பெருக்கல் குறி. வெண்கலத்தில் காந்தம் எங்கே ஒட்டும்? இதற்காக ஜெபிஷாவின் இரண்டு பொம்மையையும் அவனுடைய மிதியடியையும் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு ஏழு கடல் தாண்டிச் சுமந்து வந்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு நிம்மதி வந்தது, அதைத்தான் அவன் எதிர்பார்க்கவில்லை. அடுப்பு எடுக்கவில்லை, நான் என்ன செய்ய. வீடே வேண்டாம் என்கிறது. ஷைலா வந்ததும் உருளியைக் காட்டி, பாரு, இந்த அடுப்புல இது ஆகாது, அடுத்த வீட்டுல பாத்துக்கலாம் என்றால் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவளும் ஒத்துக்கொள்வாள். பால் பொங்காத வீட்டிலிருந்து ஒரு ஆள் ஆகஸ்டில் கிளம்பிப் போனால் அதில் அவ்வளவு பெரிய குற்றம் இருக்காது. இப்படி ஒரு நினைப்பு தன் மண்டைக்குள் இவ்வளவு சுளுவாக ஓடுவதைப் பார்த்து அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஏழு நிமிஷம் போய்விட்டது.

பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரிக் கீழ் அலமாரியைத் திறந்தான், உண்மையில் தேடினானா என்று அவனுக்கே தெரியாது. உள்ளே பார்த்தால் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. பாதிப் பொட்டலம் உப்பு, பாதிப் பை அரிசி, ஒரு குப்பியில் சிவப்பாக ஏதோ மிளகாய் விழுது, சுழித்துச் சுழித்து எழுதின ஒரு தாளில் சுற்றின டீத்தூள், அது எந்த நாட்டு எழுத்தோ, ஒரு டப்பாவில் காய்ந்த சின்ன மீன். மணந்து பார்த்தான், நெத்திலிக்கு ஒன்றுவிட்ட தம்பி. இந்த வீட்டில் மூன்று மூன்று மாசம் தங்கிப் போனவர்கள் எல்லாம், எந்தெந்த நாட்டுக்காரர்களோ, எந்தெந்தக் கடலைத் தாண்டி வந்தவர்களோ, போகும்போது மீதியைத் தூக்கிப் போடாமல் வருகிறவனுக்கு ஆகட்டும் என்று மூடி போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வருகிறவன் பேர் தெரியாது, முகம் தெரியாது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரோ தனக்காக உப்பு வைத்திருக்கிறார்கள் என்பது அவ்வளவு பெரிய விஷயமாக அவனுக்கு அந்த நேரத்தில் தோன்றியது. அலமாரியின் கடைசியில் பிடி போட்ட ஒரு இரும்புப் பாத்திரம் இருந்தது. பிரிட்ஜ் கதவில் ஒரு பறவைப் பொம்மை காந்தம், அதைப் பிடுங்கி வந்து பாத்திரத்தின் அடியில் வைத்தான். டக்கென்று ஒட்டியது. பாத்திரத்தின் விளிம்பில் பழுப்பாக ஒரு கறை, தேய்த்துத் தேய்த்தும் போகாத கறை. எதுவோ இதில் பொங்கி வழிந்திருக்கிறது, பாலோ, கஞ்சியோ, அவரவர் ஊர் வழக்கப்படி. உருளியிலிருந்து பாலை அதில் ஊற்றினான். ஒரு துளி சிந்தவில்லை. அடுப்பு இப்போது கத்தவில்லை.

ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கட்டத் தொடங்கியது. அவன் ஜன்னலைப் பார்த்தான், சரிவில் ஷைலா வருகிறாள், காற்றுக்குத் தலையைக் கொடுத்து, நர்ஸ் சட்டைக்கு மேலே அவனுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் முடியைப் பிடித்தபடி. அவளுக்கு அப்பால் துறைமுகம், கப்பல், அதற்கப்பால் வெள்ளி மாதிரிக் கடல், முடிவே இல்லாமல். இவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு புள்ளி அளவுக்கு ஒரு பெண்பிள்ளை அவன் இருக்கிற வீட்டை நோக்கி நடந்து வருகிறாள் என்று ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தான். ஆகஸ்டில் போனால் அடுத்த வருஷம் வரும்போது பிள்ளை எட்டு வயது, விமான நிலையத்தில் அவன் கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவான், இந்தத் தடவை ஜெபிஷா யார் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிவாள்? இந்தப் பயம் நேற்று பஸ் படியில் அவள் திரும்பிப் பார்த்தபோதே வந்துவிட்டது, அவன்தான் அதற்குப் பேர் வைக்காமல் விட்டிருந்தான். ஆனாலும் ஸ்டியரிங் இல்லாத கை என்ன கை? காலையில் நாலரைக்கு டிப்போவில் எஞ்சினைப் போட்டதும் பாதத்தில் ஏறுகிற அந்த நடுக்கம் இல்லாமல் ஒரு ஆள் எப்படித் தான் எழுந்துவிட்டோம் என்று நம்புவான்? கதவு திறந்தது, காற்று ஒரு பெரிய நாய் மாதிரி அவளுக்கு முன்னால் உள்ளே பாய்ந்தது.

பொங்கிட்டா என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். இல்லை, இப்போது வந்துவிடும் என்றான். வேறு பாத்திரத்தைப் பார்த்தாள், தள்ளி உட்கார்ந்திருந்த உருளியைப் பார்த்தாள், அவன் காந்தத்தைக் காட்டினான், அவளுக்குப் புரிந்துவிட்டது, சிரித்தாள். ஜெபிஷாவை எழுப்பவா என்றான், தூங்கட்டும் என்றாள். பிறகு தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஜெபம் பண்ணத் தொடங்கினாள். கிறிஸ்துதாஸ் ஜெபத்தில் கண்ணை மூடுகிற வழக்கம் இல்லாதவன், தொழில் அப்படி. பாலையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடலிலும் ஆகாயத்திலும் காத்து நடத்தினதுக்காக ஸ்தோத்திரம் என்றாள். இந்தக் கூரைக்காக ஸ்தோத்திரம் என்றாள். பால் விளிம்பைப் பார்த்து ஏறத் தொடங்கியது. "இவுங்க பத்தொன்பது வருஷத்து வேலையை விட்டுட்டு எங்ககூட வந்ததுக்காக, ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

அவன் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மனுஷனிடம் சொன்ன பொய்யை எப்படியோ இழுத்துக்கொண்டு ஓடலாம். அது ஜெபத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு மேலே போகிறதே, அதை எப்படி விடுவது?

"ஷைலா, கண்ணைத் திற" என்றான். "நான் வேலையை விடல்ல. லீவுதான் போட்டிருக்கேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். துண்டு தோளில் விழுந்தது. கோபமா, அழுகையா என்று அவனால் கணிக்கமுடியவில்லை, எதிரே வருகிற வண்டியின் விளக்கை நேராகப் பார்க்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எப்போது வரைக்கும் என்று கேட்டாள். ஆகஸ்டு கடைசி என்றான். குளிருக்கு என்று சொன்ன காக்கிச் சட்டையா என்றாள். ஆமாம் என்றான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. அறை வாசலிலிருந்து ஜெபிஷாவின் தூக்கக் குரல் அம்மா, பால் என்றபோதுதான் இரண்டு பேரும் திரும்பினார்கள். எல்லாம் முடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி முழுக்க வெள்ளை, அடுப்பு தானாக அணைந்து, முனகிக்கொண்டு கிடந்தது. பொங்கினதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஷைலா அவன் பக்கம் திரும்பாமலே, பிள்ளையிடம், "எந்தப் பக்கம் பொங்கிச்சு மக்களே?" என்று கேட்டாள். பிள்ளை யோசித்தது. எல்லாப் பக்கமும் என்றது.

"இன்னைக்கே ராஜினாமாவை எழுதி அனுப்பிடுதேன்" என்றான் கிறிஸ்துதாஸ்.

"பால் பொங்கினதுக்காகச் சொல்லாதீங்க."

"பாலுக்காக இல்ல" என்றான். எதற்காக என்று சொல்ல வாயெடுத்தான், பஸ் படி, உப்பு, சரிவில் அவள் நடந்து வந்தது என்று எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டான். ஷைலா துண்டை எடுத்து மறுபடி தலையில் போட்டாள், ஜெபிஷாவை இழுத்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள், ஜெபம் பாதியில் நிற்கிறது, நீங்களும் கண்ணை மூடுங்க என்றாள். மூடினான். விமானத்தில் மூடாத கண், கப்பலில் மூடாத கண். இருட்டுக்குள் அவள் குரல் மட்டும் கேட்டது, அதே இடத்திலிருந்து, இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி: இவுங்க பத்தொன்பது வருஷத்து வேலையை விட்டுட்டு எங்ககூட வந்ததுக்காக, ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம். ஆமென் என்று கிறிஸ்துதாஸ் எல்லாருக்கும் முந்திச் சொன்னான். காற்று வீட்டைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது, அவன் கால் அசையவில்லை.